குடல் பக்டீரியாவும் உடல் எடையும்: குசினியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எடை குறைக்க எந்த புரோபயோட்டிக் கப்சூல் (உயிருள்ள நல்ல பக்டீரியா அடைத்த குளிசை) நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த வழிகாட்டியில் கப்சூல் எட்டாவது படியில்தான் வருகிறது. திருகோணமலையில் எங்களோடு காலையில் கடற்கரையோரம் நடக்க வருகிறவர்களில் பலர் இதைத் தொடங்கினார்கள், சிலர் பாதியில் விட்டார்கள். விட்டவர்களைப் பார்த்தால் அநேகமாக எல்லோரும் ஒழுங்கை மாற்றிப் பிடித்தவர்கள். கப்சூல் முதலில், தயிர் பிறகு, பயறும் கீரையும் கடைசியில், சிலருக்கு அதுவும் இல்லை. தண்ணீர் பாயாத வயலில் விதைநெல்லை எறிகிற கதைதான். உள்ளே போகிற பக்டீரியாவுக்குச் சாப்பாடு நார்ச்சத்து, அது முதலில் போக வேண்டும்.

நான் வைத்தியர் இல்லை. வீட்டில் செய்து பார்த்து, தெரிந்தவர்கள் செய்யும்போது கூட இருந்து பார்த்து எழுதுகிறேன்.

1. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், மாதம் ஐந்து கிலோ குறையும் என்று நினைத்துத் தொடங்குகிறவர் மூன்றாவது கிழமையே சலித்து விட்டுவிடுவார்.

குடல் பக்டீரியாவுக்கும் எடைக்கும் தொடர்பு இருப்பது எலிகளில் தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டனின் குழு 2006 இல் ஒரு பரிசோதனை செய்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் ஒரு பகுதிக்குப் பருத்த எலிகளின் குடல் பக்டீரியாவையும் மறு பகுதிக்கு மெலிந்த எலிகளின் பக்டீரியாவையும் கொடுத்தார்கள், பருத்தவற்றின் பக்டீரியாவைப் பெற்ற எலிகளில் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. 2013 இல் ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிவாகவும் இருந்த இரட்டையர்களின் பக்டீரியாவை எலிகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் அதே போக்குத்தான்.

சரி, மனிதர்களில்? அங்கேதான் வேகம் குறைகிறது. பருமனானவர்களுக்குப் புரோபயோட்டிக் கொடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2018 இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கொடுக்காதவர்களை விட சராசரியாக 0.6 கிலோ தான் கூடுதலாகக் குறைந்திருந்தது. அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஆக, எடையை இறக்கப்போவது சாப்பாட்டின் அளவும் வகையும். பக்டீரியா செய்யக்கூடியது பசியைக் கொஞ்சம் அடக்கித் தருவது. நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் பக்டீரியா புளிக்க வைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. இவை குடற்சுவர்க் கலங்களைத் தூண்டி, ஜிஎல்பி-1, பிவைவை என்ற, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹோர்மோன்களைச் சுரக்கச் செய்கின்றன. மத்தியானம் பயறும் கீரையும் சாப்பிட்டவருக்கு நாலு மணிக்கு ரோல்ஸ் தேடுகிற அவதி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. தொடங்கு முன் கையில் வேண்டியவை, கேட்க வேண்டியவை

தையல் அளவு நாடா ஒன்று, கொப்பி ஒன்று, எங்காவது ஒரே தராசு. தராசு வீட்டில் இல்லாவிட்டால் பார்மசியில் நிறுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே தராசில் நிறுங்கள்.

நாடாதான் முக்கியம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு குறைவது எடையில் தெரிவதற்கு முன் இடுப்பில் தெரியலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கிறவர்கள்தான் அதிகம், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுக்கும் நீரிழிவுக்காரர் சோற்றையும் சீனியையும் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பயறும் கீரையும் கூட்டினால் பொட்டாசியம் ஏறும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உயிருள்ள பக்டீரியாக் கப்சூலைத் தாங்களாகத் தொடவே கூடாது. அரிதாகத்தான், ஆனால் அந்தப் பக்டீரியா இரத்தத்துக்குள் போய்ப் பிரச்சினை கொடுத்ததுண்டு.

3. ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டப் பார்க்கிறார்கள். தாண்டினால் எதை மாற்றினீர்கள் என்று பிறகு சொல்ல முடியாது.

வாயில் போனது எல்லாம் எழுத வேண்டும். எங்களோடு நடக்கும் ஒரு அக்காவின் கொப்பியைப் பார்த்தேன். காலை இடியப்பம் ஆறு, சொதி, சம்பல், மத்தியானம் சோறு, மீன்குழம்பு, பருப்பு, இரவு பாண். ஒழுங்கான எழுத்து, திகதியெல்லாம் போட்டு. தேத்தண்ணி எங்கே அக்கா என்று கேட்டால், "அது சாப்பாடே இல்லையே" என்றார். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. பதினைந்து கரண்டி என்றால் ஏறக்குறைய 240 கலோரி. எந்தக் கப்சூலும் இதை ஈடுகட்டாது.

கொப்பியில் இன்னொரு பக்கமும் வையுங்கள்: மலம் கழித்தது, வயிற்று ஊதல், பசி வந்த நேரம். நாரைக் கூட்டும்போது உடம்பு ஏற்கிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

4. நார்ச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் கிழமைக்கு ஒன்று

இதுதான் முழு வேலையின் அடித்தளம், அதிகம் பேர் விழுவதும் இங்கேதான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெள்ளைப் பாண், வெள்ளை மா இடியப்பம், தீட்டிய அரிசிச் சோறு என்று ஓடும் நாளில் அதில் பாதி கிடைப்பதே கஷ்டம்.

*முதல் கிழமை: அரிசி.* தவிட்டோடு உள்ள சிவப்பரிசிக்கு மாறுங்கள், அளவைக் கூட்டாமல். இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. சிவப்பரிசி என்று விற்பதெல்லாம் தவிட்டோடு இருப்பதில்லை. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். மணி முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால் சரி, வெள்ளை மணியில் சிவப்புக் கோடு கோடாக இருந்தால் நன்றாகத் தீட்டிவிட்டார்கள். குரக்கனிலும் அதே கதை: "குரக்கன் ரொட்டி" என்று சாப்பிடுவதில் முக்கால்வாசி கோதுமை மாவாக இருக்கும். மாவை நீங்களே கலந்தால் பாதிக்குப் பாதியாவது போடுங்கள்.

*இரண்டாவது கிழமை: பயறு வகை.* பாசிப்பயறு, கௌபி, கடலை, எது கிடைக்கிறதோ அது. 200 கிராம் அளவு அவித்த பாசிப்பயறில் சுமார் 15 கிராம் நார் இருக்கிறது. அதற்காக முதல் நாளே ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டால் வயிறு மத்தளம் மாதிரி ஆகி, "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று அடுத்த நாளே விட்டுவிடுவீர்கள். வாயு வருவது ஒத்துக்கொள்ளாமையால் அல்ல. பழக்கமில்லாத சாப்பாடு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஒரு கரண்டி கூட்டுங்கள். இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால், வாயு உண்டாக்கும் சீனி வகைகளில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். நீரிழிவுக்கு மெற்போர்மின் எடுப்பவர்கள் இன்னும் மெதுவாகக் கூட்டுங்கள், அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் குழப்பும்.

*மூன்றாவது கிழமை: இலையும் தண்டும்.* முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, வாழைப்பூ. வறையில் தேங்காய்ப்பூவைக் கையளவாகப் போடுங்கள், இலையை விடத் தேங்காய் கூடுதலாக இருக்கும் வறையைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். சின்ன வெங்காயமும் உள்ளியும் தாராளமாகச் சேர்க்கலாம். அவற்றிலுள்ள இனுலின் வகை நாரை நல்ல பக்டீரியா விரும்பிச் சாப்பிடும்.

*நாலாவது கிழமை: ஆறிய மாப்பொருள்.* சோறு, வாழைக்காய், மரவள்ளி போன்றவற்றை அவித்து ஆறவிட்டால் மாப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடலுக்கு நாராகவே போய்ச் சேரும். மீண்டும் சூடாக்கினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். 2015 இல் கொழும்பைச் சேர்ந்த ஒரு இரசாயன மாணவர் அமெரிக்க இரசாயனக் கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார்: கொதிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அரை கோப்பை அரிசியைப் போட்டு அவித்து, 12 மணித்தியாலம் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கும் முறை. அதைக் கேள்விப்பட்டுச் சட்டிக்கு அரைக் கோப்பை எண்ணெய் விட்டவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாப்பொருளில் மிச்சம் பிடித்ததை விட அதிகமாக உள்ளே போய்விடும். எண்ணெயே இல்லாமல் குளிரவைத்தாலும் நடப்பது நடக்கும்.

இந்த நாலு கிழமையும் தண்ணீரைக் கூட்டுங்கள். நார் கூடித் தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும், அதுவும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வியர்வையிலேயே பாதித் தண்ணீர் போய்விடும்.

5. இப்போது தயிர்

கிண்ணியா, தம்பலகாமம் பக்கமிருந்து சட்டியில் எருமைத்தயிர் வருகிற ஊரில் இருந்துகொண்டு பழச்சுவை போட்ட யோகட் கப் தேடத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, அளவு. எருமைப்பால் கொழுப்பு கூடியது, 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம். ஒரு நேரத்துக்கு அரைக் கோப்பை போதும். இரண்டு, பாணி. தயிரும் பாணியும் சேர்ந்தால்தான் இனிப்பு, அது எனக்கும் தெரியும். இரண்டு மேசைக்கரண்டி பாணி 120 கலோரிக்குக் கிட்ட வரும். வாழைப்பழத் துண்டைப் போட்டுப் பாருங்கள், அல்லது உப்பு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு மோராகக் குடியுங்கள். மூன்று, வெயில். தெருவோரத்தில் மத்தியானம் வரை நின்ற சட்டியில் குமிழி குமிழியாக எழும்பியிருந்தாலோ கள்ளு மணம் அடித்தாலோ ஈஸ்ட் ஏறிவிட்டது, வாங்க வேண்டாம். காலையிலேயே வாங்கி உடனே குளிரில் வையுங்கள்.

வீட்டில் தோய்ப்பது என்றால் ஒழுங்கு இது. பாலைப் பொங்கவிட்டு, குறைந்த நெருப்பில் இன்னும் சில நிமிடம் வையுங்கள்: வேறு கிருமிகள் சாகும், புரதம் இளகித் தயிர் கெட்டியாக வரும். பிறகு சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணும் வரை தாங்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிடுங்கள், சுமார் 43 பாகை. அதைவிடச் சூடாக உறை ஊற்றினால் உறையிலுள்ள பக்டீரியா செத்துவிடும். அதிகம் ஆறிவிட்டால் தோய நேரமெடுத்து வேறு கிருமி முந்திக்கொள்ளும். ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி உறை. மூடி வைத்து அசைக்காமல் விடுங்கள். இங்கே வெயில் காலத்தில் நாலைந்து மணித்தியாலத்தில் தோய்ந்துவிடும், இரவு தோய்த்துவிட்டுப் படுத்தால் காலையில் புளித்துத் தண்ணீர் பிரிந்திருக்கும். அதனால் காலையில் தோய்த்து, தோய்ந்தவுடன் குளிரில் வையுங்கள்.

தினமும் சாப்பிட வேண்டும். தயிர்ப் பக்டீரியா பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை, வேலை செய்துகொண்டே கடந்து போகிறது. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மட்டும் ஒரு சட்டி முழுக்கச் சாப்பிடுவதால் இந்தக் கணக்கில் ஒன்றும் சேராது. மோர்க்குழம்பும் சேராது, கொதித்தால் எல்லாம் செத்துவிடும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 36 பேரில் ஒரு பகுதியினர் பத்துக் கிழமை புளித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டார்கள். அவர்களின் குடல் பக்டீரியா வகைகள் பெருகின, உடம்பின் அழற்சிக் குறிகள் குறைந்தன. எடையைக் குறைத்துக் காட்ட நடத்திய ஆய்வு அல்ல இது, அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

6. பழஞ்சோறு, கவனத்தோடு

ஆறிய மாப்பொருளும் புளிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் சாப்பாடு இது. ஆனால் சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற ஒரு பக்டீரியா இருக்கலாம். அவிக்கும்போது அதன் வித்துகள் சாவதில்லை. சோறு வெளியே சூடும் குளிருமில்லாமல் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சு விடும், அதில் ஒரு வகை நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

அதனால் மத்தியானச் சோற்றை இரவு வரை அடுப்படியில் விட்டுவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவுக்கு வடித்த சோற்றில் வேண்டியதை எடுத்து, அகலமான தட்டில் பரப்பிக் கெதியாக ஆற்றி, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி மூடுங்கள். காலையில் எழும்பியதும் சாப்பிடுங்கள், பத்து மணிக்கு அல்ல. வழுவழுப்போ கெட்ட மணமோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு இந்தப் படி வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு கைப்பிடிச் சோறு, மோர், வெங்காயம் என்று அளவோடு. பழஞ்சோறு என்பதற்காகக் கலோரி மறைந்து போகாது.

7. கணக்கில் சேராதவை

தோசை, இட்டலி, அப்பம்: மா புளித்தது உண்மை, சூட்டில் பக்டீரியா செத்துவிடும். நல்ல சாப்பாடுதான், புரோபயோட்டிக் என்று எண்ண வேண்டாம். வினாகிரி விட்ட அச்சாறும் அப்படியே. சுவையூட்டிய யோகட் கப்பில் சீனிக்குரிய நிற அடையாளத்தைப் பாருங்கள், சிவப்பு என்றால் அது இனிப்புப் பண்டம்.

8. கப்சூல், தேவைப்பட்டால்

முன்னுள்ள படிகளில் இரண்டு மாதமாவது நின்றபின் வாங்குவதா என்று யோசியுங்கள். அதற்கு முன் வாங்கினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

லேபலில் மூன்று பகுதிப் பெயர் இருக்க வேண்டும்: பேரினம், இனம், கடைசியில் எழுத்தும் எண்ணுமாக வரும் வகைக் குறி. "லக்டோபசிலஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். பலன் வகைக்கு வகை மாறும். உதாரணமாக ஜப்பானில் 2010 இல் வெளியான ஆய்வில் லக்டோபசிலஸ் கசேரி எஸ்பிடி2055 சேர்த்த புளித்த பாலை 12 கிழமை குடித்தவர்களுக்கு வயிற்று உட்கொழுப்பு 4.6 வீதம் குறைந்தது. அதே பக்டீரியாவோடு 2013 இல் வந்த ஆய்வில் குடிப்பதை நிறுத்தியதும் பலன் கரையத் தொடங்கியது. வேறொரு கசேரி அதையே செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இப்போது அதிகம் பேசப்படும் அக்கர்மான்சியா என்ற குடல் பக்டீரியாவும் அப்படித்தான். 2019 இல் பெல்ஜியத்தில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, எடையில் உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் வரவில்லை.

சீ.எஃப்.யூ எண்ணிக்கை, அதாவது உயிருள்ள பக்டீரியாவின் எண்ணிக்கை, பெரிதாக இருப்பது மட்டும் தரம் அல்ல. அது உற்பத்தி நாளிலா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்து வெயிலில் கிடந்த பெட்டியில் எவ்வளவு உயிரோடிருக்கும் என்று சொல்ல முடியாது. குளிரில் வைக்கச் சொல்லும் வகையானால், பார்மசியிலும் குளிரில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டே வாங்குங்கள்.

அன்ரிபயோட்டிக் முடிந்ததும் தானாகவே புரோபயோட்டிக் போடுவது இன்னொரு பழக்கம். 2018 இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் போட்டவர்களின் சொந்தக் குடல் பக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது. வைத்தியர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

போடுவதென்றால் ஒரே வகையை 12 கிழமை, வேறெதையும் மாற்றாமல். இடுப்பு மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு அந்தக் காசுக்குப் பயறு வாங்குங்கள்.

9. அளக்கும் நாளும் நிறுத்தும் இடமும்

இடுப்பை மாதம் ஒரு முறை, காலையில், சாப்பிட முன். எடையைக் கிழமைக்கு ஒரு முறை போதும். தினமும் நிறுப்பவர்கள் மலம் கழிக்காத ஒரு நாளில் ஏறிய அரைக் கிலோவைப் பார்த்து மனம் சோர்ந்து விடுகிறார்கள், நார் கூட்டிய தொடக்க நாட்களில் இது சாதாரணம்.

மலத்தில் இரத்தம், காய்ச்சலோடு வயிற்றோட்டம், எந்த முயற்சியும் இல்லாமல் வேகமாக எடை இறங்குவது: மூன்றில் எது வந்தாலும் இதையெல்லாம் விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இடுப்பும் எடையும் அசையவில்லை என்றால் கப்சூலை மாற்றாதீர்கள். இன்னும் ஒரு கிழமை எல்லாவற்றையும் எழுதி, தேத்தண்ணிச் சீனி, பின்னேரச் சிற்றுண்டி, சோற்றின் அளவு மூன்றையும் பழைய பக்கங்களோடு ஒப்பிடுங்கள். அங்கும் ஒன்றும் அகப்படாவிட்டால் தைரொயிட் பரிசோதனை செய்யலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், போகும்போது கொப்பியையும் கொண்டு போங்கள்.